தொய்வு மருந்துகளை அளந்த வரலாறு

ஆஸ்துமா எனப் பிறநாட்டார் வழங்கும் நோயை யாழ்ப்பாணத்தார் தொய்வு என்பர். முட்டு என்பாரும் உளர். தமிழகத்திலே அதற்கு இழுப்பு என்றும் இரைப்பு என்றும் பெயர். ஒரு நோய்க்குப் பெயர் பலவாதல் புதுமையன்று. ஆயினும் இப்பெயர்களை ஊன்றி நோக்குவார்க்கு ஓர் உண்மை புலனாகும். தொய்வு என்பது நோயுற்றவனுடைய தளர்ச்சியைச் சுட்டுகின்றது. முட்டு என்பது நெஞ்சிலே அவன் உணரும் அடைப்பைச் சுட்டுகின்றது. இழுப்பு, மூச்சை வாங்க அவன் படும் பாடு. இரைப்பு, அருகிலிருப்பவர் காதில் விழும் ஒலி. நோய் ஒன்று, அதனை அறியும் வாயில்கள் நான்கு. மருந்து கொடுத்தபின் இவற்றுள் எது குறைந்தால் மருந்து பலித்தது என்று கொள்வது?

இவ்வினா எளிதுபோலத் தோன்றும். இதற்கு விடை காண வைத்திய உலகம் இருநூறு ஆண்டுகளுக்கு மேலாக உழைத்திருக்கின்றது. அவ்வுழைப்பிலே தென்னாட்டு மூலிகைகள் இரண்டுக்கும் சென்னை வைத்தியர் சிலருக்கும் இடமுண்டு என்பதை நம்மவருள் அறிந்தார் சிலரே. அவ்வரலாற்றைக் கூறுவதே இக்கட்டுரையின் நோக்கம். எழுதுபவன் வைத்தியன் அல்லன். புத்தூரிலிருந்து வரலாறு கற்பிக்கும் ஆசிரியன். இன்ன மருந்தை உண்ணுக என்று கூறுவது அவன் தொழிலன்று.

மற்றைய நோய்கள் பலவற்றில் இத்துணைச் சிக்கல் இல்லை. காய்ச்சலுக்கு வெப்பமானி உண்டு. கசநோயாளரின் சளியிலே கிருமி இருக்கின்றதா இல்லையா என்று பார்த்து அறியலாம். தொய்வோ தானாக வரும், தானாக நீங்கும். ஐப்பசி மழையோடு தொடங்கி, மார்கழி வாடையிலே முற்றி, பங்குனி வெயிலிலே அடங்குவது நம்மூரிற் பலர்க்கு வழக்கம். அவர் மார்கழியில் எம்மருந்தை உண்டாலும் பங்குனியிற் சுகமடைந்திருப்பர்; புகழ் மருந்துக்குப் போய்ச் சேரும். நோய் மிக முற்றிய நாளிலேதான் மனிதர் புதிய மருந்தைத் தேடுகின்றனர். முற்றியது தணிவதும் இயல்பு. ஆதலாலே தொய்வுக்கு மருந்தென்று பெயர் பெற்ற பொருள்களுக்குக் கணக்கில்லை. ஆடாதோடையும் தூதுவளையும் கண்டங்கத்தரியும் திப்பிலியும் பயனற்றவை என்று சொல்ல நான் வரவில்லை. பயன் உள்ளதையும் காலத்தின் உதவியாற் பயன் உள்ளதுபோலத் தோன்றுவதையும் பிரித்தறிய முன்னோரிடத்து வழி இருக்கவில்லை என்பதே சொல்ல வந்தது. இது நம் முன்னோருக்கு மாத்திரம் உரிய குறையன்று. ஐரோப்பியருக்கும் அக்காலத்தில் அவ்வழி இருக்கவில்லை.

அதற்குச் சான்று ஊமத்தையின் கதை. சென்னையிலே கிழக்கிந்தியக் கும்பனியாரின் தலைமை வைத்தியராயிருந்தவர் ஜேம்ஸ் அன்டர்சன். ஊமத்தை இனத்துச் செடியொன்றின் வேரை உலர்த்திப் புகைத்துத் தொய்வைத் தணிக்கும் இந்நாட்டு வழக்கத்தை அவர் அறிந்து பிறருக்கும் எடுத்துக் கூறினார். ஜெனரல் ஜென்ட் என்னும் படைத்தலைவர் 1802ஆம் ஆண்டிலே அதனைப் பிரித்தானியாவுக்குக் கொண்டுசென்றார். சில ஆண்டுகளுக்குள் அந்நாட்டு மருந்துச் சாலைகளிலே ஊமத்தைப் புகைக்குப் பெரும் கிராக்கி உண்டாயிற்று. புகைத்த சில நிமிடங்களில் நெஞ்சு இளகிற்று என்று நோயாளர் பலர் எழுதினர். அவர் எழுதியது பொய்யன்று. ஊமத்தையிலுள்ள அத்திரோப்பீன் முதலிய பொருள்கள் மூச்சுக்குழாய்களின் தசையைத் தளர்த்துவன என்பதைப் பின்வந்த ஆராய்ச்சி காட்டிற்று. அவ்வகைப் பொருளைத் திருத்தி ஆக்கிய இப்பிறற்றோப்பியம் என்னும் மருந்து இன்றும் வைத்தியசாலைகளில் வழங்குகின்றது.

இங்கேதான் வரலாற்று மாணவன் நின்று கவனிக்கவேண்டிய செய்தியொன்று உண்டு. றொபேட் பிறீ என்னும் ஆங்கில வைத்தியர், தாமும் தொய்வால் வருந்தியவர், தாம் ஊமத்தை கொடுத்த 82 நோயாளரின் கணக்கை 1811இல் வெளியிட்டார். அவருள் 58 பேருக்கு நிலையான பயன் எதுவும் விளையவில்லை. எஞ்சிய 24 பேருக்குத் தீங்கே விளைந்தது என்பது அவர் கூற்று. மற்றையோர் புகைத்த அடுத்த நிமிடத்தைப் பார்த்தனர். பிறீ நெடுநாளின் பின் உள்ள நிலையைப் பார்த்தார். இருவர் கூற்றும் ஒருங்கே உண்மையாக இருக்கலாம். அளந்த பொருள் வேறு; அளந்த காலமும் வேறு. பிறீயின் ஆராய்ச்சியிலே ஒப்பிடுவதற்கு மருந்துண்ணாத கூட்டம் ஒன்று இல்லை என்பது பெருங்குறைதான். எனினும் எந்நிலையைப் பயன் என்று கொள்வது என்ற வினாவை அவர் எழுப்பிவிட்டார்.

அடுத்து வந்தவை கருவிகள். யோன் ஹட்சின்சன் என்பவர் 1846இல், ஒருவர் முழுமூச்சு வாங்கி வெளிவிடும் வளியின் கனவளவைக் காட்டும் மூச்சுமானியைப் பற்றி விரிவாக எழுதினார்; 2,130 பேரை ஊதச் செய்து கணக்கெடுத்திருந்தார். அதற்கடுத்த ஆண்டிலேதான் அமெரிக்க வைத்தியரான சாமுவேல் கிறீன் யாழ்ப்பாணம் வந்தார். அவர் மானிப்பாயில் இருந்து மாணவருக்கு மேனாட்டு வைத்தியத்தைத் தமிழிலே கற்பித்ததும், மனுஷ அங்காதிபாதம் முதலிய நூல்களை ஆக்குவித்ததும் இக்கல்லூரி மலரின் வாசகர் அறிந்தவை. நெஞ்சின் அமைப்பைத் தமிழிற் படித்த முதல் தலைமுறையும் மூச்சை எண்ணால் அளந்த முதல் தலைமுறையும் ஒரு காலத்தவர் என்பது நினைக்கத்தக்கது.

ஆனால் ஹட்சின்சனின் கருவி தொய்வுக்குப் போதாது. குறுகிய கழுத்துடைய குடுவையிலும் அகன்ற வாயுடைய பானையிலும் ஒரே அளவு நீர் இருக்கலாம். கவிழ்த்தால் எது விரைவில் ஒழியும் என்பதிலேதான் வேறுபாடு. தொய்வு கழுத்துக் குறுகும் நோய். ஆகவே எவ்வளவு வளி என்பதைவிட எவ்வளவு விரைவில் என்பதே கேட்கவேண்டியது. பிரான்சிலே திபினோ என்பவரும் அவருடன் உழைத்தவரும் 1947இல், முதற் செக்கனில் வலிந்து வெளிவிடும் வளியின் கனவளவை அளக்கும் முறையை வகுத்தனர். 1959இல் றைற், மக்கெறோ என்னும் இருவர் மூச்சின் உச்ச வேகத்தை நிமிடத்துக்கு இத்தனை இலீற்றர் என்று காட்டும் சிறு கருவியை வெளியிட்டனர். அதன் மலிந்த வடிவம் இன்று நோயாளர் வீட்டிலேயே வைத்துக் காலையும் மாலையும் ஊதிக் குறித்துக்கொள்ளத்தக்கது.

கருவி கிடைத்தாற் போதுமா? சோதிக்கும் முறையும் வேண்டும். நோயாளரை எழுமாறாக இரு கூட்டமாகப் பிரித்து, ஒரு கூட்டத்துக்கு மருந்தும் மற்றைய கூட்டத்துக்கு வேறு சிகிச்சையோ போலி மருந்தோ கொடுத்து ஒப்பிடும் முறையை, பிரித்தானிய மருத்துவ ஆராய்ச்சிச் சபையார் 1948இல் வெளியிட்ட ஸ்திரெப்டோமைசின் சோதனை உலகறியச் செய்தது. அம்முறை தமிழ்நாட்டுக்கு வர நெடுங்காலம் செல்லவில்லை. 1956இல் சென்னையில் நிறுவப்பட்ட கசநோய் ஆராய்ச்சி நிலையத்தார் 193 நோயாளரை இரு கூறாக்கி, வீட்டிலிருந்து மருந்துண்பவரையும் சானற்றோரியத்திற் படுத்திருப்பவரையும் ஒப்பிட்டு, வீட்டுச் சிகிச்சை தாழ்ந்ததன்று என்று 1959இல் நிறுவினர். உலகெங்கும் கசநோய்ச் சிகிச்சையின் போக்கை மாற்றிய முடிபு அது. அங்கே அளவுகோல் கிருமி. பொய் சொல்லத் தெரியாத அளவுகோல்.

தொய்வுக்கு அத்தகைய சாட்சி இல்லாமையால் வேறொரு காப்பு வேண்டியதாயிற்று. யாருக்கு மருந்து, யாருக்குப் போலி என்பதை நோயாளரும் அறியலாகாது. பயனைக் குறிக்கும் வைத்தியரும் அறியலாகாது. பரீட்சை எழுதியவருக்கு இது விளங்கும். விடைத்தாளிலே பெயர் இல்லை. சுட்டெண் மாத்திரமே உண்டு. திருத்துபவர் நேர்மையற்றவர் என்பதனால் அன்று அப்படிச் செய்வது. நேர்மையுடையவர் கண்ணுக்கும் வேண்டியவனுடைய எழுத்துச் சற்று அழகாகத் தோன்றும் என்பதனால்.

இனி இரண்டாவது மூலிகைக்கு வருவோம். நஞ்சறுப்பான் என்பது தென்னிந்தியாவிலும் ஈழத்திலும் பற்றைகளிலே படரும் ஒரு கொடி. சிங்களத்தார் அதனைப் பின்நுக என்பர். தாவரவியலார் அதற்கு ரைலோபோரா இந்திக்கா என்று பெயரிட்டிருக்கின்றனர். முற்காலப் பெயரோ ரைலோபோரா அஸ்மற்றிக்கா. நோயின் பெயரே செடியின் பெயராகும் அளவுக்கு அதன் புகழ் இருந்தது. 1868இல் வெளிவந்த இந்திய மருந்து நூலிலும் அதன் இலை இடம்பெற்றது. அங்கே வாந்தி மருந்தாகவும் சீதபேதி மருந்தாகவும் அது பெரிதும் கருதப்பட்டது. 1935இல் இரத்தினகிரீசுவரன், வெங்கடாசலம் என்னும் இருவர் அதன் சாரத்திலிருந்து ரைலோபொரீன், ரைலோபொரினீன் என்னும் காரப்பொருள்களைப் பிரித்தெடுத்தனர்.

டில்லியிலுள்ள வல்லபாய் பட்டேல் மார்புநோய் நிலையத்தைச் சேர்ந்த டொக்டர் சிவபுரியும் அவரோடு உழைத்தவரும் 1968 தொடக்கம் இந்த இலையைச் சோதித்தனர். 1969இல் வெளியான அவர் சோதனையிலே 110 தொய்வு நோயாளர் பங்குகொண்டனர். நாளுக்கு ஓரிலையாக ஆறு நாள் அதிகாலையில் மென்று விழுங்கவேண்டும். மற்றக் கூட்டத்தார்க்குப் போலி. ஒரு வாரம் கழிந்தபின் இலையுண்டவருள் 62 சதவீதத்தினர் முழுச் சுகமோ ஓரளவு சுகமோ அடைந்ததாகக் கணிக்கப்பட்டது. போலியுண்டவருள் 28 சதவீதத்தினர். ஆறே இலையால் இத்துணைப் பயனா என்று வியப்புண்டாதல் இயல்பு. நம் நாட்டுப் பத்திரிகைகளிலே இன்றும் இம்முடிபு மாத்திரமே எடுத்துக் கூறப்படுகின்றது.

ஆனால் அக்கட்டுரையிலேயே மற்றொரு கணக்கும் உண்டு. இலையுண்டவருள் 53 சதவீதத்தினருக்கு வாய்ப்புண், உப்புச்சுவை தெரியாமை, குமட்டல், வாந்தி ஆகியவற்றுள் ஒன்றேனும் உண்டாயிற்று. போலியுண்டவருள் 9 சதவீதத்தினருக்கே அவ்வாறு நேர்ந்தது. வாய் புண்பட்டவன் தனக்குக் கிடைத்தது மெய்ம்மருந்து என்று ஊகித்துக்கொள்வானல்லவா? சுட்டெண்ணின்மேலே பெயரை எழுதிவிட்டது போன்றது இது. பயன் அளக்கப்பட்டது நோயாளர் கூறிய சுகத்தைக் கொண்டு. அச்சுகத்திலே இலையின் பங்கு எவ்வளவு, ஊகத்தின் பங்கு எவ்வளவு என்று எவர் பிரிப்பார்?

ஆராய்ந்தவரும் இதனை உணர்ந்திருப்பர் போலும். 1972இல் வெளியான அடுத்த சோதனையில் இலை இல்லை. இலைச்சாரத்தை மதுசாரத்தில் எடுத்து உலர்த்தி, 40 மில்லிகிராம் வீதம் குளுக்கோசில் கலந்து கொடுத்தனர். போலியும் நிறத்திலும் சுவையிலும் அதனை ஒத்திருந்தது. 195 நோயாளருள் மருந்துண்டவர் 103 பேர். அவருள் 58 பேர் முதல் வார முடிவிற் சுகங் கண்டனர். போலியுண்ட 92 பேருள் 29 பேர் சுகங் கண்டனர். சதவீதக் கணக்கிலே ஏறத்தாழ 56க்கு 32. பக்கவிளைவு 16க்கு 7 என்ற அளவிற்குக் குறைந்துவிட்டது. முதற் சோதனையில் 34 ஆக இருந்த இடைவெளி இங்கே 24. மறைப்புச் சிறந்தபோது பயன் சற்றுச் சுருங்கிற்று, ஆயினும் மறைந்துவிடவில்லை. சாரத்தின் அளவு வேறுபட்டமையும் காரணமாகலாம் என்பதை நடுநிலை தவறாது சொல்லவேண்டும். எனது கருத்து யாதெனில், இவ்விரு சோதனைகளையும் பக்கத்திற் பக்கத்தில் வைத்துப் படிப்பவனே அவற்றிலிருந்து கற்பவன். ஒன்றை மாத்திரம் மேற்கோள் காட்டுபவன் வழக்கறிஞன்.

அதன்பின் சென்னை. மருத்துவ ஆசிரியராகப் பெரும் புகழ் பெற்ற டொக்டர் கே. வி. திருவேங்கடமும் அவர் குழுவினரும் 1978இல் வெளியிட்ட ஆராய்ச்சி, ஆள் தொகையிற் சிறியது, 30 நோயாளரே. ஆனால் இரு வகையில் அது வேறுபட்டது. ஒன்று, நஞ்சறுப்பானைப் போலியோடன்றி, வழக்கிலுள்ள தொய்வு மருந்தோடு ஒப்பிட்டனர். நோயாளிக்கு உண்மையிலே வேண்டிய வினா அதுவே: கையிலுள்ள மருந்தைவிட இது மேலானதா? மற்றொன்று, நோயாளர் வாய்ச்சொல்லோடு நில்லாமல் மூச்சின் உச்ச வேகம் முதலியவற்றைக் கருவியால் அளந்தனர். வழக்கிலுள்ள மருந்து விரைந்து பயன் தந்தது. இலைப்பொடியோ மெல்ல மெல்ல மூச்சின் ஆற்றலை உயர்த்திற்று. இது நம்பிக்கை தருவது. எனினும் அடுத்த ஆண்டிலேயே, 1979இல், இந்திய மருத்துவ ஆராய்ச்சி ஏட்டிலே குப்தாவும் மற்றையோரும் 135 நோயாளரிடம் இருதரப்பும் அறியாவண்ணம் செய்த சோதனை வெளிவந்தது. இலையை நாளுக்கு இருமுறை 200 மில்லிகிராம் வீதம் ஆறு நாள் கொடுத்தும் போலிக்கும் அதற்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை.

நமது மூலிகைகளை மேனாட்டார் சோதியாமலே தள்ளிவிட்டனர் என்று மேடைகளிலே முழங்குவாரை நாம் கேட்டிருக்கிறோம். நஞ்சறுப்பானைப் பொறுத்தவரை அது சரித்திரத்துக்கு மாறு. அதனைச் சோதித்தவர் இந்தியர், வெளியிட்டவற்றுள் இரண்டு இந்திய ஏடுகள், மறுத்தவரும் இந்தியரே. முடிபு பிளவுபட்டதற்குக் காரணம் இனப்பகையன்று, அளவுகோல் வேறுபாடு என்பதே எனது துணிபு.

புத்தூர் நவக்கிரியிலே நிலாவரைக் கிணறு உண்டு. அதன் மேல்நீர் நன்னீர். ஆழம் செல்லச் செல்ல உவர். வாளியை எங்கே அமிழ்த்துகின்றோமோ அதற்கேற்றபடி கிணற்றின் குணம் வேறுபடும். தொய்வு மருந்தும் அத்தகையது. பத்தாம் நிமிடத்தில் வாளியை இறக்குவதா, ஆறாம் நாளிலா, ஆறாம் மாதத்திலா? உற்றவன் அளவும் பிணியின் அளவும் காலத்தின் அளவும் ஆகிய மூன்றையும் வைத்தியன் கருதவேண்டுமென்று வள்ளுவர் மருந்து அதிகாரத்தில் வகுத்தது இவ்விடத்து நினைவுக்கு வருகின்றது. இம்மூன்றில் ஒன்றைக் கைவிட்டதனால் விளைந்த கேட்டைப் பிற்கால வரலாறு உயிர்க்கணக்கிலே காட்டுகின்றது.

1960களிலே இங்கிலாந்திலும் வேறு சில நாடுகளிலும் செறிவு மிக்க ஐசோபிரனலின் என்னும் உள்ளிழுக்கும் மருந்து பரவியபோது தொய்வால் இறப்போர் தொகை உயர்ந்தது. ஊதிப் பார்த்தால் நிமிடங்களில் எண் உயரும். நோயாளரும் சுகம் என்பர். இரண்டு அளவுகோலும் மருந்தைப் புகழ்ந்தன. நியூசிலாந்திலே அதே வகையைச் சேர்ந்த பெனொத்தெறோல் பற்றி ஐயம் எழுந்தபின், அந்நாட்டவரான சியர்சும் அவர் கூட்டத்தாரும் 64 நோயாளரிடம் செய்த சோதனையை 1990இல் வெளியிட்டனர். நாடோறும் தவறாது உள்ளிழுத்த காலத்தையும் வேண்டியபோது மாத்திரம் உள்ளிழுத்த காலத்தையும் 24 வாரம் வீதம் ஒப்பிட்டனர். வேறுபாடு தெரிந்த 57 பேருள் 40 பேருக்கு, வேண்டியபோது மாத்திரம் எடுத்த காலத்திலேயே நோய் அடங்கியிருந்தது. நிமிடத்துக்கு நன்மை செய்தது மாதத்துக்குத் தீமை செய்தது. நெடுநேரம் வேலை செய்யும் சால்மெற்றறோலை 26,355 பேரிடம் சோதித்து 2006இல் வெளியிட்ட ஆராய்ச்சியிலே, மருந்துண்டவருள் 13 பேர் தொய்வால் இறந்தனர். போலி பெற்றவருள் 3 பேர். அழற்சியைத் தணிக்கும் மருந்தின்றி அதனைத் தனியே வழங்கலாகாது என்ற விதி இத்தகைய கணக்குகளாலேயே உறுதிப்பட்டது.

வாய்ச்சொல்லை நீக்கிக் கருவியை மாத்திரம் நம்பலாமா என்றால், அதுவும் ஆகாது. 2011இல் அமெரிக்காவிலிருந்து வெளியான சிறு சோதனையொன்று நஞ்சறுப்பான் வழக்கைப் படித்தவர்க்கு ஒளி தருவது. மெய்ம்மருந்து, போலி மருந்து, போலி ஊசிச் சிகிச்சை, ஒன்றும் செய்யாதிருத்தல் என்னும் நான்கையும் அதே நோயாளர் மாறி மாறிப் பெற்றனர். முதற் செக்கன் வளியளவு மெய்ம்மருந்தால் 20 சதவீதம் உயர்ந்தது. மற்றைய மூன்றிலும் 7 சதவீத அளவே. நோயாளர் கூறிய சுகமோ மெய்ம்மருந்துக்கு 50 சதவீதம், போலி மருந்துக்கு 45, போலி ஊசிக்கு 46, ஒன்றும் செய்யாமைக்கு 21. போலி நெஞ்சைத் திறக்கவில்லை. ஆனால் துன்பத்தைத் தணித்தது. சிவபுரி கண்ட 28 சதவீதமும் 32 சதவீதமும் எங்கிருந்து வந்தன என்பதற்கு இதைவிட நல்ல விளக்கத்தை நான் கண்டதில்லை.

கருவியே ஏமாற்றிய சந்தர்ப்பமும் உண்டு. மெப்போலிசுமாப் என்னும் ஊசிமருந்து 362 பேரிடம் சோதிக்கப்பட்டு 2007இல் வெளியானபோது, மூச்சின் வேகத்திலே மாற்றம் காணப்படாமையால் பயனற்றதெனக் கருதப்பட்டது. 2009இல் கனடாவிலே பரமேஸ்வரன் நாயரும் இங்கிலாந்திலே ஹல்தார் என்பவரும் தத்தம் குழுவினருடன், சளியில் ஒருவகை வெண்குருதிக்கலம் மிகுந்த நோயாளரைத் தெரிந்தெடுத்து, வேறொரு வினாவைக் கேட்டனர்: நோய் திடீரென முற்றி ஸ்டீரொயிட்டு மருந்தை நாடவேண்டிய தருணங்கள் குறைந்தனவா? குறைந்தன. 2015இல் அம்மருந்து அங்கீகாரம் பெற்றது. மருந்து மாறவில்லை, நோயாளரைத் தெரிந்த முறையும் வினாவுமே மாறின.

இன்று தொய்வு மருந்தைச் சோதிப்போர் மூச்சின் எண்ணையும், நோய் முற்றிய தருணங்களின் தொகையையும், நோயாளர் தம் வாயாற் கூறும் விடைகளையும் சேர்த்தே அளக்கின்றனர். எதனை முதன்மையாகக் கொள்வது என்பதைச் சோதனை தொடங்குமுன்பே எழுதிப் பதிவுசெய்தலும் வழக்கமாகிவிட்டது. நோயாளர் விடையை அளக்க 2004இல் வெளிவந்த வினாப்பட்டியல் ஒன்று பரந்து வழங்குகின்றது. கடந்த நான்கு வாரங்களைப் பற்றி ஐந்து வினாக்கள். ஆகக்கூடிய புள்ளி 25. இருபதும் அதற்கு மேலும் பெற்றால் நோய் அடங்கியிருக்கின்றது என்பது பொருள்.

யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தார் 1984 முதல் சித்த மருத்துவம் கற்பித்து வருகின்றனர். பரராசசேகரம் போன்ற ஈழத்து மருத்துவ நூல்களிலே சுவாச நோய்க்குக் கூறப்பட்ட குடிநீரையோ சூரணத்தையோ அங்கே பயிலும் ஒருவர் இம்முறையிற் சோதிக்க முற்பட்டால், கருவி அவருக்குக் கடையிற் கிடைக்கும். வினாவைத்தான் அவர் தமிழில் அமைக்கவேண்டும். பிள்ளைகளின் தொய்வைப் பல நாடுகளிலே கணக்கெடுத்த சர்வதேச ஆராய்ச்சியார், இரைப்பைக் குறிக்கும் சொல் சில மொழிகளிலே இல்லாமையால், நோயுற்றவரைப் படமெடுத்துக் காட்டி வினாவவேண்டியிருந்தது. நமக்கு அக்குறை இல்லை. சொல் மிகுதியே இடர். கடந்த மாதத்தில் எத்தனை இரவு முட்டினால் விழித்தீர் என்று கேட்டால், சளி கட்டிய வெறும் தடிமனையும் சேர்த்து எண்ணிச் சொல்வாரும் உளர். தொய்வினால் என்று கேட்டாலோ, அப்பெயரைத் தம் பிள்ளைக்குச் சூட்ட விரும்பாத தாய்மார் ஓரிரவும் இல்லை என்பர். மூச்சு வாங்கமாட்டாமல் எழுந்து இருந்த இரவு எத்தனை என்று கேட்டால் இரு சாராரும் ஒரே பொருள் கொள்வர் என்று எனக்குத் தோன்றுகின்றது. அதனையும் ஊர்தோறும் கேட்டுப் பார்த்தல் வேண்டும்.